கச்சான் காற்றிலும் காயாத பேனை

கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் ஈரம் என்று எதுவும் மிஞ்சாது. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. கொடியில் போட்ட சேலை விறைத்துப்போகும், உதடு வெடிக்கும், மூடி சரியாகப் பொருந்தாத மைப்பேனை ஓர் இரவுக்குள் எழுத மறுக்கும். ஆகவே எங்கள் ஊரில் பேனை வாங்குகிறவர் நிப்பைப் பார்க்க முன்னர் மூடியைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில் என்னிடம் இருப்பவற்றில் முதலிடம், விலையில் கடைசியாக நிற்கிற ஒன்றுக்குத்தான்: ஜப்பானின் பிளாட்டினம் கம்பனி செய்கிற பிரெப்பி, 03 நிப்.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தத் தீர்ப்பு விளங்கும். உவர்மலையில் வீட்டிலிருந்தபடி பிழை திருத்துகிறேன். பயிற்சிப் புத்தகம், கும்பாபிஷேக மலர், சங்கங்களின் ஆண்டறிக்கை எல்லாம் வரும். அதிகம் வருவது கல்வெட்டு, அதாவது இறந்தவருக்கு அச்சடிக்கிற நினைவு மலர். செத்தவீடு நடந்த குடும்பம் 31ஆம் நாளுக்குள் நினைவு மலரை அச்சடித்துக் கையில் எடுக்கவேண்டும். கனடாவில் இருக்கிற மகனின் இரங்கல் கடைசி நேரத்தில் வட்ஸ்அப்பில் வரும், வம்சாவளியில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கும். அது அப்படியே அச்சேறினால் அந்தக் குடும்பத்துக்குள் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இராது. திரையில் ஒருமுறை பார்த்தாலும், கடைசிப் பார்வையைக் கடதாசியில்தான் பார்ப்பேன். திரையில் தப்பிப்போகிற பிழை தாளில் மாட்டும்.

அதிலும் பாதி வேலை ஒற்றுப் போடுவதுதான். ‘எங்களை பிரிந்த’ என்று அடித்திருப்பார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு வெற்றிடம், இரண்டு மில்லிமீற்றர் வருமோ என்னவோ. அதற்குள் ஒரு ‘ப்’ எழுதவேண்டும், புள்ளியோடு. குமிழ்முனைப் பேனையில் முனைக் குண்டு உருண்டால்தான் மை வரும். புள்ளி வைப்பதற்கு உருள இடமே இல்லை. அழுத்தித் திருகவேண்டும், தாளில் குழி விழும், புள்ளி விழாது. அச்சகத்தில் வடிவமைக்கிற தம்பி அதைப் ‘ப’ என்று வாசித்து ‘எங்களைப பிரிந்த’ என்று அடித்து அனுப்புவார். மைப்பேனையில் இந்தக் கரைச்சல் இல்லை. முனை தொட்ட மாத்திரத்தில் கடதாசியே மையை இழுத்துக்கொள்ளும். தொட்டு எடுத்தால் புள்ளி, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா மைப்பேனையும் இதற்குச் சரிவராது. ஐரோப்பிய நடுத்தர நிப்பால் ‘ஞ’ எழுதிப் பாருங்கள். சுழி அடைத்து ஒரு மைக்கட்டியாக நிற்கும். ‘றூ’, ‘ணூ’ எல்லாம் அதே கதிதான். ஜப்பானியர் ‘கான்ஜி’ என்கிற, நெருக்கமான கோடுகள் கொண்ட சீனவழி எழுத்துகளைச் சின்னக் கட்டத்துக்குள் எழுதவேண்டியவர்கள். அதனால் அவர்களுடைய ‘பைன்’ ஐரோப்பாவின் ‘எக்ஸ்ட்ரா பைன்’ அளவுக்கு நிற்கும். பிரெப்பியில் 02, 03, 05 என்று மூன்று நிப் இருக்கிறது. 05 கடிதம் எழுத நன்று, திருத்தத்துக்குத் தடிப்பு. 02 மிக மெல்லியது, ஆனால் கரடுமுரடான தாளில் நார் சிக்கிக் கீறிக்கொண்டு போகும். 03 நடுவே நிற்கிறது. 10 புள்ளி எழுத்தில் அடித்த வரிகளுக்கு இடையில் முழுச் சொல்லையே எழுதலாம், சுழிகள் திறந்தபடி இருக்கும்.

இனி மூடி. பேனை முழுக்கத் தெளிந்த பிளாஸ்ரிக் என்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியும். மூடியின் உச்சியில் ஒரு சின்னச் சுருள்கம்பி. அதன் கீழே இன்னொரு குட்டி மூடி. பேனையை உள்ளே தள்ளும்போது குட்டி மூடி நிப்பைச் சுற்றி உட்கார்ந்து, விரல் பிடிக்கிற பகுதியின் விளிம்பில் முட்டும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் சுருள் நெருங்கும், ‘டக்’ என்று வெளிமூடி பூட்டும். பூட்டிய பிறகும் சுருள் குட்டி மூடியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்றுப் போக வழி இல்லை. ‘ஸ்லிப் அன்ட் சீல்’ என்று இதற்குப் பெயர். தங்க நிப் வைத்த 3776 செஞ்சரிப் பேனைக்கு 2011இல் இதே யோசனையைத் திருகு மூடியில் கொண்டுவந்தார்கள். பல ஆயிரம் ரூபாப் பேனைக்குக் கொடுக்கிற பாதுகாப்பை இந்த மலிவுப் பேனைக்கும் கொடுத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு வருடம் மூடிக் கிடந்தாலும் எழுதும் என்று கம்பனி சொல்கிறது. ஒரு வருடம் வேலை இல்லாமல் கிடக்கப் பேனைக்கும் வசதி இல்லை, எனக்கும் இல்லை. போன ஆனியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போய், நினைத்ததைவிட நாள் இழுபட்டு வந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது, உள்ளே போறணைச் சூடு. மேசை லாச்சியில் இருந்த வேறு பேனைகளை எல்லாம் வெந்நீரில் ஊறப்போட வேண்டிவந்தது. பிரெப்பி முதல் கோட்டிலேயே எழுதியது. நிறம் மட்டும் முதல் இரண்டு சொல்லில் சற்றுக் கடுமையாக இருந்தது. கொஞ்சம் நீர் ஆவியாகியிருக்கவேண்டும்.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பேனைக்கு இரண்டாவது எதிரி வியர்வை. மின்விசிறி சுழன்றாலும் மத்தியானம் முழங்கையால் வழிந்து தாளில் சொட்டும். சாதாரணச் சாய மைகள் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். சிவப்பில் திருத்திய ஒரு பக்கம் நனைந்தால் பார்க்கக் கொலை நடந்த இடம் மாதிரி இருக்கும். இப்போது இடது கையின் கீழே ஒரு பருத்தித் துணி விரித்துத்தான் எழுதுகிறேன்.

கையெழுத்து, வங்கிப் படிவம், உறுதி எழுதுகிற இடத்துக்குப் போகிற கடிதம் என்று நிலைத்து நிற்கவேண்டியவற்றுக்குப் பிளாட்டினத்தின் நீலக்கறுப்பு மைதான். அது இரும்பும் ‘தனின்’ என்கிற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த பழைய முறை மை. எழுதும்போது நீலமாக விழும். காற்றுப் பட இரும்பு மாறி, நேரம் போகப்போகக் கறுக்கும். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் நீலச் சாயம் போகும், கறுப்பு தாளில் நிற்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எங்களவர் மை காய்ச்சியதும் இதே இரசாயனம்தான். கடுக்காயில் தனின் நிறைய. இந்த வகை மையைப் பேனைக்குள் காயவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. அதனால்தான் மூடி நல்ல பேனையில் மட்டும் அதைப் போடவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகின்றன.

மைக்குழாய், அதாவது காட்ரிட்ஜ், பிளாட்டினத்துக்கென்று தனி வடிவம். வாயில் ஒரு சின்ன உலோகக் குண்டு அடைத்திருக்கும். பேனையில் செருகும்போது குண்டு உள்ளே விழும், பிறகு எழுதும்போது கிலுகிலு என்று சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. வேறு கம்பனியின் குழாய் நேராகப் பொருந்தாது. போத்தல் மை உறிஞ்சுகிற கன்வேட்டர் வாங்கலாம், ஆனால் அதன் விலை பேனையின் விலையையே எட்டும், சில இடத்தில் தாண்டும். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவேயில்லை. செருப்பை விடச் செருப்பு வாருக்குக் கூடக் காசா?

அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரெப்பியின் உடலில் ஓட்டையும் இல்லை, உலோகமும் இல்லை. ஆகவே உடல் முழுக்கவே மையை நிரப்பலாம். திருகு மரையில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, கொஞ்சம் சிலிக்கோன் கிறீஸ் பூசி, சொட்டுக் குழாயால் மையை ஊற்றி இறுக்கினால் போதும். குழாயில் பிடிப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு பிடிக்கும். வளையம் தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. கிறீஸுக்கு அலையவேண்டி வருமோ என்று யோசித்தபோது பக்கத்து ஒழுங்கைப் பெடியன் நினைவுக்கு வந்தான். நிலாவெளியில் சுழியோடுகிற வெளிநாட்டுக்காரரைப் புறாத்தீவுக்குக் கொண்டுபோகிற படகில் வேலை. அவர்களுடைய சிலிண்டர் வளையங்களுக்கும் கமராப் பெட்டிகளுக்கும் பூசுவது இதே கிறீஸ்தான். ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து தந்துவிட்டுக் கேட்டான்:

“இது காத்துச் சிலிண்டருக்குப் பூசுறது அக்கா. உங்கட பேனை என்ன கடலுக்குள்ள இறங்கப் போகுதோ?”

வாசலின் பூசலாமே என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். அது நாளடைவில் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் எங்கள் வெக்கைக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மிச்ச இடத்தில் காற்று நிற்கும். கையின் சூட்டிலும் யன்னல் வெயிலிலும் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், நிப்பில் இருந்து ஒரு சொட்டு தாளில் விழும். 36, 37 பாகை அடிக்கிற மத்தியானத்தில் இது நடக்கும் என்று எதிர்பார்த்தே இருக்கவேண்டும். வழி இரண்டு: பாதியாகும் போதே நிரப்புவது, அல்லது கச்சான் முடியும்வரை காட்ரிட்ஜோடு இருந்துவிடுவது. நான் ஆடி, ஆவணியில் காட்ரிட்ஜ், மாரியில் முழு நிரப்பல்.

மாரியில் பிரச்சினை மறுபக்கமாகத் திரும்பும். வாடைக்காற்றோடு ஐப்பசிக்குப் பிறகு மழை பிடித்தால் கடதாசி ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும். அதே பேனை, அதே மை, போன மாதம் கூராக விழுந்த கோட்டில் இப்போது மயிர் முளைக்கும். இதற்குப் பேனையைக் குறை சொல்லக்கூடாது. போட்டோக் கொப்பித் தாள் கட்டைப் பிரித்ததும் மிச்சத்தை மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் உள்ளே போட்டுவைக்கிறேன். 80 கிராம் தாளில் 03 நிப் பின்பக்கம் தெரியாமல் எழுதும். 70 கிராம் என்றால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதச் சீ.ஆர். கொப்பிதான். இணையத்தில் பேனைப் பிரியர்கள் டொமோயே ரிவர் என்ற ஜப்பான் தாளைக் கொண்டாடுவார்கள். 52 கிராம் மெல்லிசு, ஆனால் மை ஊறாது, நிறம் மின்னும். என் தம்பி ஒருமுறை ஒரு கொப்பி கொண்டுவந்தான். எழுத சுகம்தான். ஆனால் அதில் மை காய எடுக்கிற நேரம் கூட. மாரியில் பக்கத்தைப் புரட்டினால் மறுபக்கத்தில் என் கையெழுத்தே கண்ணாடியில் பார்த்தமாதிரி ஒட்டியிருந்தது. எங்கள் சீ.ஆர். கொப்பித் தாள் கொஞ்சம் உறிஞ்சும், அதனாலேயே உடனே காயும். எல்லாக் கட்டும் ஒரே தரத்தில் வராது. கடையில் ஒரு மூலையில் கோடு கீறிப் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் அதே கட்டிலிருந்து நாலைந்து எடுத்துவிடவேண்டும்.

கடதாசியை வீணாக்கக் கூடாது என்பதை 2022 நன்றாகவே படிப்பித்தது. அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்கள் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டன. பத்திரிகைகள் பக்கம் குறைத்தன, சில சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. ஒரு காலத்தில் வைக்கோலில் இருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலை எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே நிற்கும்போது, வெளிநாட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருத்திய பழைய புரூப் தாள்களின் பின்பக்கம்தான் அப்போது எனக்குக் குறிப்புக் கொப்பி. இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாலாக மடித்து வெட்டி, ஊசி நூலால் தைத்து வைத்திருக்கிறேன்.

மேசையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பேனை தனியாக எழுதுவதில்லை. வீட்டு அலுவலகம் என்று படங்களில் காட்டுகிறார்களே, வெள்ளை மேசை, கள்ளிச்செடி, கடலைப் பார்த்த யன்னல். அவை படம் எடுக்கத்தான். என் யன்னலில் உள்துறைமுகம் தெரியும். பின்னேரம் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் தாளில் விழுந்தால் ‘ர’வும் ‘ா’வும் ஒன்றாகத்தான் தெரியும். மேசையைத் திருப்பி, யன்னல் இடது பக்கம் வரப் போட்டேன். வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடமிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. கடல் இப்போது காதுக்கு மட்டும்தான். நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற அந்த 2022 மார்ச்சில் கணினி செத்துக் கிடக்க, இந்த வெளிச்சத்தில்தான் ஒரு முழுக் கல்வெட்டையும் முடித்துக் கொடுத்தேன்.

மேசை அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தபோது ஏலத்தில் எடுத்த பழைய முதிரை மரம். இரண்டு லாச்சி, பச்சைத் துணி உரிந்துபோன மேற்பலகை. அதில் ஒரு கண்ணாடி போட்டிருக்கிறேன், எழுதத் தாளின் கீழே நாலு தாள் மெத்தையாக வேண்டும், இல்லாவிட்டால் நிப் கண்ணாடியில் வழுக்கும். தாள் பறக்காமல் இருக்கப் பித்தளைத் தராசுப் படிக்கல் இரண்டு. கதிரைதான் நெடுநாள் தலையிடி. ஒரு கடையில் ‘ஒபீஸ் கதிரை’ என்று வாங்கிய ரெக்சின் கதிரை, எங்கள் உப்புக்காற்றிலும் சூட்டிலும் தோல் உரிந்து கறுப்புச் செதிலாக என் சேலையில் ஒட்டியது. முதுகும் வேர்த்து நனையும். இப்போது பிரம்பு பின்னியது. காற்றுப் போகும், பின்னல் தளர்ந்தால் திரும்பப் பின்னலாம்.

பிரெப்பி திருகோணமலைக் கடைகளில் நான் பார்த்த அளவில் இல்லை. தம்பி ரொறன்ரோவில் இருந்து வரும்போது கொண்டுவந்தான், பிறகு கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். மத்திய வீதியில் நான் போகிற புத்தகசாலையில் கடைக்கார ஐயாவிடம் காட்டினேன். மூடியைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டி, அந்த ‘டக்’கை நாலைந்து தரம் கேட்டார்.

“மைப்பேனை கேட்டு வாறது நீங்களும் பென்சன் எடுத்த கச்சேரிக்காரரும்தான், தங்கச்சி. அவையும் ஹீரோப் பேனைக்கு நிப்தான் கேட்பினம்.”

அவரிடம் நான் வாங்குவது மிச்சமெல்லாம்: சீ.ஆர். கொப்பி, கோவை மட்டை, பச்சை நாடா, அடிமட்டம், பின்னே அட்லஸ் சூட்டி. ஆமாம், குமிழ்முனையை இவ்வளவு திட்டிவிட்டும் சூட்டி ஒரு கட்டு வாங்குவேன். கூரியர்ப் படிவத்தில் அடித்தாள்களுக்கும் பதியும்படி எழுத வேண்டும், அங்கே மைப்பேனை உதவாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்கவும் அதுதான்.

பிரெப்பியில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. உடம்பில் பெயரும் எழுத்துகளும் அச்சடித்திருப்பதால் பரிசுப் பொருளுக்கான தோற்றம் கிடையாது. கலியாண வீட்டுக்குக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்கள். எடை குறைவு, உலோகப் பேனை பிடித்த கைக்கு வெறுமையாக இருக்கும். மூடி பூட்ட ஒரு சின்ன பலம் வேண்டும், மூட்டுவாதம் உள்ளவர்கள் கடையிலேயே பூட்டிப் பார்த்து வாங்கவேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக், சீமெந்துத் தரையில் விழவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இடது கைக்காரருக்குச் சிவப்பு மை காய முன்னர் கை அதன்மேல் போகும்; அவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்க நினைப்பவர்கள் 03இல் இரண்டு எடுங்கள், ஒன்று சிவப்பு, மற்றது நீலக்கறுப்பு. கன்வேட்டரில் காசைப் போடாமல் அதே காசுக்குக் காட்ரிட்ஜ் வாங்குங்கள். காலியான காட்ரிட்ஜை எறியவேண்டாம். ஊசி கழற்றிய சிரிஞ்சியால் போத்தல் மையை அதற்குள்ளேயே திரும்ப ஏற்றலாம், பாமசியில் சிரிஞ்சி வாங்கும்போது எதற்கு என்று கேட்டால் பேனையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.